‘முடியாது, சார்ஜண்ட்!’

சிங்கப்பூரில் 19 வயது இளையர் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய பொறுப்புகளில் மிகவும் சங்கடமானது எது என்று கேட்டால், தேசிய சேவையில் செக்‌ஷன் கமாண்டர் பொறுப்பைத்தான் சொல்வேன். புலாவ் தெக்கோங்கில் அடிப்படை ராணுவப் பயிற்சியை முடித்து, பாசிர் லாபா முகாமில் ஸ்பெஷலிஸ்ட் பயிற்சியிலும் தேறி, மூன்று பட்டைச் சின்னத்துடன் தேர்ட் சார்ஜண்டாக வெளியே வருகிறார் ஒருவர். காலாட்படை செக்‌ஷன் என்றால் அவரையும் சேர்த்து ஏழு பேர். மற்ற ஆறு பேரும் அவருடைய வயதுக்காரர்கள். சிலர் மூத்தவர்கள். தொடக்கக் கல்லூரியிலிருந்து நேராக வந்த சார்ஜண்டுக்கு வயது 19 என்றால், பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயக் கல்வியை முடித்துவிட்டு வந்த பிரைவட்டுக்கு 21 இருக்கும். ஓராண்டுக்கு முன்னால் இருவரும் ஒரே பேரங்காடியில் வரிசையில் நின்று பபிள் டீ வாங்கியிருக்கலாம். இப்போது ஒருவர் உத்தரவிட வேண்டும், மற்றவர் கீழ்ப்படிய வேண்டும்.

மற்ற நாடுகளில் பல ஆண்டுகள் பணியாற்றிய பிறகு சார்ஜண்ட் ஆகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அனுபவம் ஒரு கவசம். 1967ல் தேசிய சேவை தொடங்கிய நாள் முதல் இங்கே நாம் செய்துவருவது வேறு. சில மாதப் பயிற்சியைக் கொடுத்து, இளையரையே இளையருக்குத் தலைவராக்குகிறோம். ஆகவே, “முடியாது, சார்ஜண்ட்” என்று ஒரு பிரைவட் ஒருநாள் சொல்வது அதிசயமில்லை. அந்த நேரத்தில் சார்ஜண்ட் என்ன செய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரு நிலைமையை நினைத்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை. மூன்று நாள் காட்டுப் பயிற்சி முடிந்து முகாமுக்குத் திரும்பியாயிற்று. துப்பாக்கிகளைத் துடைத்துச் சுத்தம் செய்து ஆயுதக் கிடங்கில் ஒப்படைத்த பிறகுதான் புக்-அவுட். ஒருவருடைய துப்பாக்கியில் இன்னும் கரி இருக்கிறது. சார்ஜண்ட் அதைத் திருப்பிக் கொடுத்து, மறுபடியும் துடைக்கச் சொல்கிறார். அவர் வாங்கவில்லை. “போதும், இதுக்கு மேல என்னால முடியாது” என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிடுகிறார். மற்ற ஐந்து பேரும் கையில் இருக்கும் துணியை நிறுத்திவிட்டுச் சார்ஜண்டின் முகத்தைப் பார்க்கிறார்கள்.

அந்த ஐந்து ஜோடிக் கண்கள்தான் சிக்கல். கூட்டத்தில் மானம் போகிறதே என்ற எண்ணம் வந்ததும் 19 வயதில் குரல் தானாக உயரும். குரல் உயர்ந்தால் எதிரே இருப்பவருக்கும் மானப் பிரச்சினை. அதன்பிறகு துப்பாக்கியை இருவரும் மறந்துவிடுவார்கள். யார் பெரியவன் என்பதே மிஞ்சும்.

உண்மையில் சார்ஜண்ட் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது, அந்த ‘முடியாது’ எந்த வகையைச் சேர்ந்தது என்பதை. நம் மொழியில் இந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு மூன்று பொருள் ஒளிந்திருக்கிறது. “மாட்டேன்” என்பதும் முடியாதுதான், “என்னால் இயலவில்லை” என்பதும் முடியாதுதான், “ஏன் நான் மட்டும்?” என்ற கேள்வியும் சில நேரம் முடியாது என்றே வெளியே வரும். மூன்று நாள் தூக்கமில்லாதவர், காய்ச்சலோடு இருப்பவர், வீட்டிலிருந்து ஏதோ கெட்ட செய்தி வந்தவர் ஆகியோரின் ‘முடியாது’வும், சார்ஜண்டைச் சோதித்துப் பார்க்க நினைப்பவரின் ‘முடியாது’வும் காதில் ஒரே மாதிரிதான் விழும்.

இங்கே நம் முகாம்களின் பழைய வியாதி ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். உடம்பு சரியில்லை என்று யாராவது சொன்னாலே “கெங்” அடிக்கிறான், அதாவது நடிக்கிறான் என்று முடிவு கட்டுவது. நடிப்பவர்கள் இருக்கிறார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் நடிப்பா நிஜமா என்று தீர்ப்புச் சொல்வது மருத்துவ அதிகாரியின் வேலை. சார்ஜண்ட் அதில் கணிப்புப் பார்க்கக்கூடாது. பத்து பேர் நடித்து ஏமாற்றினால் சார்ஜண்டுக்கு எரிச்சல் வரும், அவ்வளவுதான். உண்மையான நோயாளி ஒருவரை நடிகர் என்று தள்ளிவிட்டால் அது உயிர்ப் பிரச்சினை.

சரி, இது உடம்புக் கோளாறு இல்லை. வேண்டுமென்றே மறுக்கிறார் என்று தெரிகிறது. அப்போது?

பேச்சைக் குறைப்பதுதான் நல்லது. விவாதம் வேண்டாம், நீ எப்போதும் இப்படித்தான் என்ற பழைய கணக்கும் வேண்டாம். என்ன செய்ய வேண்டும், எதற்குள் செய்ய வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லி, இது உத்தரவு என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். “துப்பாக்கியைத் துடைத்து ஐந்து மணிக்குள் என்னிடம் காட்டுங்கள். இது உத்தரவு. புரிந்ததா?” இவ்வளவு போதும். பல மறுப்புகள் இந்த இடத்திலேயே கரைந்துவிடும். ஏனென்றால் அதுவரை நண்பன் கெஞ்சுவதாக நினைத்துக்கொண்டிருந்தவருக்கு, கேட்பது நண்பனில்லை என்பது அப்போதுதான் உறைக்கும்.

முடிந்தால் அந்த ஐந்து பேரை வேறு வேலைக்கு அனுப்பிவிடலாம். பார்ப்பவர்கள் இல்லாவிட்டால் பிடிவாதத்திற்குப் பாதி பலம் போய்விடும். ஆனால் முற்றிலும் தனியாகப் பேசுவதும் ஆபத்து. பிறகு யார் என்ன சொன்னார்கள் என்பது கேள்வியானால் சாட்சி வேண்டும். இன்னொரு செக்‌ஷன் கமாண்டர் பக்கத்தில் நிற்பது நல்லது.

புதிய சார்ஜண்டுகள் அடிக்கடி வழுக்கி விழும் இடம் மிரட்டல். “இந்த வாரம் உனக்குப் புக்-அவுட் கிடையாது!” என்று வாய் தவறி வந்துவிடும். எந்தத் தண்டனையை யார் விதிக்கலாம் என்பது ராணுவத்தில் வரையறுக்கப்பட்ட ஒன்று. செக்‌ஷன் கமாண்டருக்கு அதில் உள்ள இடம் சிறியது. தன் கையில் இல்லாததைக் காட்டி மிரட்டியவரின் அடுத்த சொல்லை யாரும் நம்பமாட்டார்கள். ‘விஷயத்தைப் பிளட்டூன் சார்ஜண்டிடம் சொல்லப்போகிறேன்’ என்று அமைதியாகச் சொல்லி, சொன்னபடியே செய்பவருக்குத்தான் மதிப்பு. மேலே கொண்டுபோவதைத் தோல்வியாக நினைக்கிறார்கள் பலர். எனக்கு அது அப்படித் தெரியவில்லை. படிநிலை என்ற ஏற்பாடே அதற்காகத்தான் இருக்கிறது. நேரத்தையும் சொன்ன வார்த்தைகளையும் குறித்துவைத்துக்கொண்டு போனால் மேலதிகாரிக்கும் உதவும்.

அதற்கு மேல் போனால் சட்டம் வரும். 1972ல் இயற்றப்பட்ட சிங்கப்பூர் ஆயுதப்படைச் சட்டத்தின்கீழ், சட்டபூர்வமான உத்தரவை மீறுவது குற்றம். மேலதிகாரியிடம் அவமரியாதையாக நடந்துகொள்வதும் குற்றம். பெரும்பாலான சிறு வழக்குகள் ராணுவ நீதிமன்றம்வரை போவதில்லை. படைப்பிரிவுக்குள்ளேயே, ஒழுங்கு நடவடிக்கை அதிகாரி ஒருவர் முன்னிலையில் சுருக்க விசாரணை நடக்கும். ‘சார்ஜ் வாங்கினான்’ என்று முகாமில் பேசிக்கொள்வது இதைத்தான். குற்றஞ்சாட்டப்பட்டவர் தன் தரப்பைச் சொல்லலாம். அபராதம், வெளியே செல்லத் தடை போன்றவற்றிலிருந்து கிராஞ்சியில் உள்ள தடுப்பு முகாம்வரை தண்டனை அமையக்கூடும். அங்கே கழிக்கும் நாள்கள் இரண்டாண்டு சேவைக்கணக்கில் சேராது. நண்பர்கள் ஓஆர்டி கொண்டாடிவிட்டு வீட்டுக்குப் போகும்போது, அந்த நாள்களை ஈடுகட்ட இவர் இன்னும் சீருடையில் இருப்பார்.

அதே சட்டம் சார்ஜண்டின் பக்கமும் திரும்பும். தனக்குக் கீழே இருப்பவரைத் துன்புறுத்துவது அதில் தனிக் குற்றம். கீழ்ப்படியாதவர்மேல் கை வைத்த கணமே வழக்கு தலைகீழாகிவிடும்: மறுத்தவர் பாதிக்கப்பட்டவர் ஆவார், சார்ஜண்ட் குற்றவாளி ஆவார். சட்டையைப் பிடித்து இழுப்பதும் கை வைப்பதுதான்.

‘சட்டபூர்வமான’ என்ற சொல்லையும் கவனியுங்கள். எல்லா மறுப்பும் ஒழுங்கீனம் ஆகாது. 2018 மே மாதம் துவாஸ் வியூ தீயணைப்பு நிலையத்தில், சேவை முடியும் தறுவாயில் இருந்த முழுநேர தேசிய சேவையாளர் ஒருவர், கொண்டாட்டம் என்ற பெயரில் 12 மீட்டர் ஆழமுள்ள நீர்த்தொட்டிக்குள் தள்ளப்பட்டு இறந்தார். குடிமைத் தற்காப்புப் படையினர் ஐவர்மீது குற்றஞ்சாட்டப்பட்டது. அவர்களில் அன்று பணியில் இருந்த அணியின் தளபதியும் ஒருவர். சுற்றிப் பலர் இருந்தார்கள். “வேண்டாம், இதைச் செய்யமாட்டேன், செய்யவும் விடமாட்டேன்” என்று பதவியைப் பார்க்காமல் ஒருவர் குறுக்கே நின்றிருந்தால் அது கீழ்ப்படியாமையா? அன்று அந்த இடத்தில் ஒழுக்கமாக இருந்தவர் அவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார். ஆகவே, தன் உத்தரவுக்கு ஒருவர் ‘முடியாது’ என்றால், நான் சொன்னது சரிதானா என்று ஒரு நொடி தன்னையே கேட்டுக்கொள்வதில் சார்ஜண்டுக்குக் குறை ஒன்றும் வந்துவிடாது. துப்பாக்கியைத் துடைக்கச் சொன்னது சரியான உத்தரவு. “என் காலணியைத் துடை” என்றால் அது உத்தரவே இல்லை.

இந்த மண்ணில் நடந்த மிகப் பெரிய படைக் கிளர்ச்சியிலும் இதற்கு ஒரு பாடம் உண்டு. 1915 பிப்ரவரி 15ஆம் தேதி, சீனப் புத்தாண்டு விடுமுறையில், அலெக்சாண்ட்ரா முகாமில் இருந்த ஐந்தாம் இலகு காலாட்படையின் இந்தியச் சிப்பாய்கள் துப்பாக்கியைத் திருப்பினார்கள். பிறகு 47 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். துருக்கியரோடு போரிட அனுப்பப்போகிறார்கள் என்ற வதந்தி, காலனித்துவ எதிர்ப்புப் பிரசாரம் என்று காரணங்கள் பல. ஆனால் பிரிட்டிஷாரே நடத்திய விசாரணையில் வெளிவந்த இன்னொரு விவரம், அந்தப் படையின் அதிகாரிகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை, அதன் தளபதியின் தலைமை பலவீனமானது என்பது. ஒரு செக்‌ஷனில் நடக்கும் முணுமுணுப்பை ஒரு கிளர்ச்சியோடு ஒப்பிடுவது கொஞ்சம் அதிகம்தான், தெரிகிறது. இருந்தாலும் சார்ஜண்டும் பிளட்டூன் கமாண்டரும் ஒருவர் முதுகுக்குப் பின்னால் மற்றவரைப் பற்றிப் பேசும் இடத்தில் பிரைவட்டுகள் யாருக்கும் கீழ்ப்படியமாட்டார்கள் என்பது எந்த அளவிலும் உண்மை.

நம் பிள்ளைகளுக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. சார்ஜண்ட் தமிழர், செக்‌ஷனில் இன்னொருவரும் தமிழர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அணிவகுப்பு ஆணைகள் மலாயில் வரும், மற்ற வேலையெல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும். திடீரென்று ஒருவர் பக்கத்தில் வந்து தமிழில், “மச்சான், இன்னைக்கு மட்டும் விட்டுருடா” என்பார். மறுப்பதைவிட இது கடினமான கீழ்ப்படியாமை, ஏனென்றால் அது அன்பு போல வரும். சீன, மலாய் நண்பர்களுக்குச் சொற்கள் புரியாது. தொனி நன்றாகவே புரியும். அந்த மச்சானுக்கு ஒருமுறை விட்டுக்கொடுத்தால் மற்றவர்களிடம் உத்தரவிடும் உரிமை சார்ஜண்டுக்கு அன்றோடு போய்விடும். தமிழிலேயே பதில் சொல்லலாம், அன்பாகவும் சொல்லலாம். பதில் மட்டும் எல்லாருக்கும் சொல்லும் அதே பதிலாக இருக்க வேண்டும்.

இதையெல்லாம் படிக்கும் உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் சிலர், ‘இது எங்களுக்கு இப்போதே நடக்கிறதே’ என்று நினைக்கலாம். தேசிய மாணவர் படையிலும் மற்றச் சீருடைக் குழுக்களிலும் உயர்நிலை மூன்றில் இருக்கும் மாணவ, மாணவியர் தங்களைவிட ஓரிரு வயது இளையவர்களை நடத்துகிறார்கள். அவர்கள் பின்னால் ஆயுதப்படைச் சட்டம் இல்லை, தடுப்பு முகாம் இல்லை, பொறுப்பாசிரியர் மட்டுமே. அங்கே பழகியவர்களுக்கு முகாமில் கை நடுங்காது என்பது என் கணிப்பு.

மறுபடியும் அந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம். துப்பாக்கி துடைக்கப்பட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்துவிடவில்லை. ஞாயிறு இரவு எல்லாரும் முகாமுக்குத் திரும்புவார்கள். சூடு தணிந்த அந்த நேரத்தில் சார்ஜண்ட் அவரைத் தனியாக அழைத்து, ‘என்ன நடந்தது?’ என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும், அதுதான் கடினம். பல நேரம் காரணம் துப்பாக்கியாக இருக்காது. சென்ற மாதம் மூன்று வாரயிறுதிகளிலும் காவல் டியூட்டி தன்மேல் விழுந்தது, வேறு ஒருவருக்கு ஒன்றுகூட விழவில்லை என்று அவர் ஒரு கணக்கு வைத்திருப்பார். டியூட்டி அட்டவணையை எடுத்துப் பார்த்தால் அவர் கணக்குச் சரியாகவும் இருக்கலாம். அப்படியானால் அட்டவணையைத் திருத்த வேண்டும், திருத்தியதை எல்லார் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். கீழ்ப்படியாததற்கான நடவடிக்கை அதற்காக ரத்தாகிவிடாது. இரண்டும் வேறு வேறு கணக்கு.

நடவடிக்கை முடிந்த பிறகு பழி வைத்திருக்கக் கூடாது. கழிவறை துடைக்கும் வேலை வரும்போதெல்லாம் அதே பெயரைக் கூப்பிடும் சார்ஜண்டை ஆறு பேரும் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

இன்னொன்றையும் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். இரண்டாண்டு முடிந்ததும் இந்த உறவு அறுந்துபோவதில்லை. ஓஆர்டிக்குப் பிறகு ரிசர்விஸ்ட் பயிற்சிக்கு பத்து சுற்றுகள் வர வேண்டும், பெரும்பாலும் அதே ஆள்களோடு. அதற்குள் அந்தப் பிரைவட் சொந்தத் தொழில் நடத்திக்கொண்டிருக்கலாம், சார்ஜண்ட் வேலை தேடிக்கொண்டிருக்கலாம். சீருடை மாட்டியதும் ஒருவர் சார்ஜண்ட், மற்றவர் அவருடைய செக்‌ஷனைச் சேர்ந்தவர். கொஞ்சம் தொப்பை போட்ட ஏழு பேரும் மூன்று டன் லாரியின் பின்புறம் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும்போது, அந்தத் துப்பாக்கிக் கதையை யாராவது நிச்சயம் எடுப்பார்கள். அதைச் சொல்லிச் சிரிப்பவர்களில் அன்று ‘முடியாது’ என்றவரும் இருப்பாரா என்பது, அந்த வெள்ளிக்கிழமையும் அதற்கு அடுத்த ஞாயிறும் எப்படிப் போயின என்பதைப் பொறுத்தது.