பட்டம் முதலாளி, பாடு கூலி!

காஞ்சியிலே இரண்டு வகை முதலாளிகள் இருக்கிறார்கள். ஒருவர், கடைவீதியிலே கண்ணாடிப் பேழைக்குள் பட்டுச் சேலைகளை அடுக்கி வைத்திருப்பவர். மற்றவர், பிள்ளையார்பாளையத்து வீட்டிலே தறிக்குழியில் காலை இறக்கி, விடியலிலிருந்து விளக்கேற்றும் வரை நாடா எறிபவர்.

பின்னவரா முதலாளி என்று திகைக்கிறீர்களா, தோழர்களே? ஆம் என்கிறது கணக்கேடு! “அவர் எங்களிடம் வேலை செய்பவரல்ல, சொந்தத் தொழில் நடத்துபவர். பாவு கொடுக்கிறோம், சேலை கொண்டுவருகிறார். கூலி கொடுக்கிறோம், அத்தோடு தீர்ந்தது உறவு!” இதுதான் அவர்கள் வாதம்.

அந்தச் சொந்தத் தொழிலைச் சற்றே உற்றுப் பார்ப்போம். பாவு யாருடையது? கடைக்காரருடையது. ஊடை? அவருடையது. சரிகை? அவருடையது. கரையிலே அன்னமா, மயிலா என்று முடிவு செய்பவர் யார்? அவர். சேலைக்கு விலை வைப்பவர்? அவர். நெய்து கொண்டுபோன சேலையிலே குறை கண்டு கூலியைக் குறைப்பவர்? அவரேதான்! நெசவாளிக்குச் சொந்தமானவை தறியும், முதுகு வலியும், மழைக்காலத்திலே தறிக்குழியில் ஊறும் தண்ணீரும்! கோர்வைக்குத் துணையாக அமரும் ஆளுக்குக் கூலி தருவதும் அவர் கையிலிருந்துதான்.

என்ன பெயரிட்டு அழைத்தால் என்ன, கூலி வந்தால் போதும் என்று இருந்துவிடலாமா? கூடாது! பெயர் மாறினால் வரி மாறுகிறது. வைப்பு நிதி மறைகிறது.

எப்படி? சம்பளக்காரரிடம், ஆண்டு வருமானம் வரி கட்டும் அளவை எட்டினால்தான் வருமான வரி பிடிப்பார்கள். சொந்தத் தொழில்காரர், ஒப்பந்தக்காரர் என்று பெயர் வைத்துவிட்டாலோ, அவருக்கு வரி உண்டா, இல்லையா என்று பார்ப்பதே இல்லை. ஒரே தடவையில் 30,000 ரூபாய்க்கு மேல், அல்லது ஆண்டிலே மொத்தம் 1,00,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால், தனி ஆளிடம் நூற்றுக்கு 1 ரூபாய் பிடித்தாக வேண்டும். கம்பெனிகளுக்கும், முந்தின ஆண்டு வியாபாரம் ஒரு கோடியைத் தாண்டிய கடைக்காரர்களுக்கும் இது கட்டளை. பான் எண் கொடுக்காதவரிடம் பிடிப்பது எவ்வளவு தெரியுமா? நூற்றுக்கு 20!

கணக்குப் போடுவோம். ஒரு நெசவாளியின் ஆண்டுக் கூலி 1,50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பான் எண் கொடுத்தவரிடம் 1,500 ரூபாய் போகும். கொடுக்காதவரிடம் 30,000 ரூபாய் போகும்! வேறு வருமானம் இல்லாத அவர் உண்மையிலே கட்ட வேண்டிய வரி எவ்வளவு? ஒரு காசும் இல்லை! 2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையிலே 4 லட்சம் ரூபாய் வரை வரியே கிடையாது. பிடிபட்டது அவருடைய வியர்வை. கணக்குத் தாக்கல் செய்து கேட்டால் திரும்பி வரும். கேட்காவிட்டால் கருவூலத்திலே உறங்கும். பான் எண்ணே இல்லாதவர் பெயரிலோ அது வரவாகவே ஏறாது.

“ஜி.எஸ்.டி. பதிவு எடுத்துக்கொண்டு வா” என்று எவராவது மிரட்டினால் மிரள வேண்டாம். பிறர் சரக்கிலே கூலிவேலை மட்டும் செய்பவருக்கு, ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் அந்தக் கட்டாயம்.

இனி, இழந்தது என்ன என்று பாருங்கள். 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்திலே தொழிலாளி என்று ஏட்டில் ஏறியிருந்தால், அவர் பங்கோடு முதலாளியும் நூற்றுக்கு 12 வைப்பு நிதியிலே போட வேண்டும். அதே 1,50,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 18,000 ரூபாய்! ‘தொழிலதிபர்’ என்று ஒரு சொல்லை உதிர்த்து, 18,000 ரூபாயை மிச்சம் பிடிக்கிறார்கள்! பட்டத்தின் விலை புரிகிறதா?

இந்தத் தந்திரத்தை நீதிமன்றம் பார்க்காததல்ல. சேலத்துப் பீடித் தொழிலிலே, இலையும் புகையிலையும் கொடுத்துவிட்டு, “இடையிலே இருப்பவர் தனி ஒப்பந்தக்காரர், சுருட்டுபவர் எங்கள் ஆளல்ல” என்றார்கள் உரிமையாளர்கள். 1964இல் உச்ச நீதிமன்றம் திரையை விலக்கிற்று. ஒப்பந்தக்காரர் எனப்பட்டவர் உரிமையாளரின் கையாளே, பீடி சுற்றுபவர் அந்த உரிமையாளரின் தொழிலாளியே என்றது. 1985இல் இன்னொரு வழக்கிலே, வீட்டிலிருந்து பீடி சுற்றுபவருக்கும் வைப்பு நிதி உண்டு என்றது. சரியில்லாத பீடியைக் கழித்து ஒதுக்கும் அதிகாரமே முதலாளியின் பிடிக்குச் சான்று என்றும் கண்டது.

எல்லா நெசவாளியும் தொழிலாளியே என்று அந்தத் தீர்ப்புகள் சொல்லிவிடவில்லை. ஆனால் அளவுகோலை நம் கையிலே கொடுத்திருக்கின்றன. சரக்கு யாருடையது, கட்டளை யாருடையது, கழிக்கும் உரிமை யாருடையது? சேலையிலே குறை கண்டு கூலியைக் குறைக்கும் கையை அந்தக் கோலால் அளந்து பார்க்கலாமே!

ஆகவே தோழர்களே, மேடையிலே முழங்கினால் மட்டும் போதாது. தெருத்தெருவாகச் செல்லுங்கள். ஒவ்வொரு தறிவீட்டிலும் கூலிச் சீட்டைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். அதுவே நாளைக்குச் சாட்சி. பான் எண் இல்லாதவருக்கு எடுத்துக் கொடுங்கள். பிடித்த வரிக்குச் சான்றிதழ் கேட்கச் செய்யுங்கள். கணக்குத் தாக்கல் செய்து பணத்தை மீட்டுக் கொடுங்கள். கைத்தறி நெசவுத் தொழிலாளர் நல வாரியத்திலே பெயரைப் பதியச் செய்யுங்கள். ஒற்றை இழையை எவனும் அறுப்பான். பாவாகச் சேர்ந்து நின்றால்தான், வழக்கு மன்றமானாலும் பேச்சு மேசையானாலும் பதில் கிடைக்கும்.

அவர் முதலாளிதான் என்று சாதிப்பவர்களுக்கு நாம் வைக்கும் கேள்வி ஒன்றே: முதலாளி என்றால் இலாபத்திலே பங்கு எங்கே? தொழிலாளி என்றால் வைப்பு நிதி எங்கே? இரண்டில் ஒன்றைக் கொடுங்கள்; வெறும் பட்டத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்!