ஐயத்திற்குரிய மரணமும் உறவினர் கடமையும்

செகந்திராபாத்தைச் சேர்ந்த மாரெட்பள்ளியில் தமிழ்க் குடும்பங்கள் பல நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றன. அங்குள்ள ஒரு வீட்டில், நேற்றுவரை நலமாயிருந்த ஒருவர் திடீரென இறந்துவிடுகிறார் என்று கொள்வோம். உடலில் விளங்காத ஒரு காயம் தென்படுகிறது. அல்லது, இறந்தவர் சில நாட்களுக்கு முன் அச்சத்துடன் சொன்ன ஒரு சொல் தாயின் நினைவுக்கு வருகிறது. ஆயினும், பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டுமென்று பெரியோர் விரைவுபடுத்துகின்றனர். ஐயத்தை வாய்விட்டுச் சொல்ல உறவினர் கூசுகின்றனர். தகனம் நிறைவேறிய பின்னரோ, உண்மையை அறியும் வழிகளுள் பெரும்பாலானவை அடைபட்டுவிடுகின்றன. ஆகவே, இத்தகைய வேளையில் செய்யத்தக்கவை யாவை என்பதைக் கிராம ஊழியரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் அவசியம்.

முதற் படி

ஐயத்தை எழுத்து மூலம் போலீஸ் நிலையத்தில் தெரிவிப்பதே முதற் கடமையாகும். 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திற்குப் பதிலாக, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ளது. அதன் 194-ஆம் பிரிவின்படி, போலீஸ் அதிகாரி சம்பவ இடத்திற்குச் சென்று, அக்கம்பக்கத்தில் வசிக்கும் மதிப்புக்குரிய இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் முன்னிலையில் உடலைப் பார்வையிட்டு, காயங்களை விவரித்து அறிக்கை எழுத வேண்டும். மரணத்தின் காரணத்தில் ஐயமிருப்பின் உடல் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பப்படும். திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் இறந்து, உறவினர் எவரேனும் வேண்டிக்கொண்டால், அக்காரணம் ஒன்றே உடலைப் பரிசோதனைக்கு அனுப்பப் போதுமானது.

குற்றம் நிகழ்ந்ததாகப் புகார் அளித்தால், எந்த நிலையத்திலும் அதனைப் பதிவு செய்யலாம். எல்லை வேறு என்று கூறி மறுத்தலாகாது. பதிவின் நகல் கட்டணமின்றித் தரப்படும். நிலையத்தார் மறுப்பின், புகாரை மாவட்டப் போலீஸ் சூப்பிரெண்டுக்குத் தபாலில் அனுப்பலாம். அதனாலும் பயனில்லையெனில் மாஜிஸ்திரேட்டிடம் விண்ணப்பிக்கலாம்.

உடல் கூறும் சான்று

பரிசோதனை செய்யும் மருத்துவர் புறக் காயங்களோடு நில்லாது, தலை, மார்பு, வயிறு ஆகியவற்றைத் திறந்து ஆராய்கிறார். கழுத்து நெரிக்கப்பட்டிருப்பின், தோலில் அடையாளம் மங்கலாயிருந்தாலும் உள்தசைகளில் இரத்தக் கசிவு காணப்படலாம். நஞ்சு பற்றிய ஐயமிருப்பின், இரைப்பை, குடல், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் பகுதிகள் பொதுவாகச் செறிந்த உப்புக் கரைசலில் இடப்பட்டு, முத்திரையுடன் இரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பப்படுகின்றன. சென்னையில் இதற்கென ஓர் ஆய்வுக்கூடம் 1849-ஆம் ஆண்டிலேயே நிறுவப்பட்டது. இன்று ஹைதராபாத்தில் மத்திய தடய அறிவியல் ஆய்வுக்கூடமும் மாநில ஆய்வுக்கூடமும் இயங்குகின்றன. எந்த நஞ்சு என்று ஐயுறுகிறோம் என்பதை உறவினர் முன்கூட்டியே சொன்னால் ஆய்வாளரின் வேலை எளிதாகும்.

இரண்டாம் பரிசோதனை

முதற் பரிசோதனையில் நிறைவு ஏற்படாதவிடத்து உயர் நீதிமன்றத்தை அணுகலாம். 2022 ஜூலையில் கள்ளக்குறிச்சி மாவட்டம் கனியாமூரில் பள்ளி விடுதி மாணவி ஒருவர் இறந்தபோது, பெற்றோர் வேண்டுகோளின் பேரில் சென்னை உயர் நீதிமன்றம் மறு பரிசோதனைக்கு உத்தரவிட்டது. தாம் விரும்பும் மருத்துவர் உடனிருக்க வேண்டுமென்ற தந்தையின் கோரிக்கை மட்டும் ஏற்கப்படவில்லை. பின்னர் இரு அறிக்கைகளையும் ஆராயும் பொறுப்பு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவர் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. எனினும், ஒருமுறை அறுத்துத் தைக்கப்பட்ட உடலில் எல்லாவற்றையும் மீண்டும் காண இயலாது. ஆதலால் முதற் பரிசோதனையே செவ்வையாக நடைபெறும்படி வேண்டுதல் அறிவுடைமை.

புதைத்த பின்னர்

உடல் புதைக்கப்பட்டிருந்தால் வழி முற்றிலும் அடைபட்டதாகாது. 196-ஆம் பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட் அதனைத் தோண்டி எடுத்துப் பரிசோதிக்கச் செய்யலாம். இதற்கு நம் நாட்டில் கால வரம்பு இல்லை. 2007 டிசம்பரில் விஜயவாடா அருகே விடுதியொன்றில் ஒரு மாணவி கொலையுண்டார். தண்டிக்கப்பட்டவரை ஹைதராபாத் உயர் நீதிமன்றம் 2017-இல் விடுதலை செய்தது. மறு ஆண்டு வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் சென்றது. 2019 டிசம்பரில், பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், தெனாலியில் உடல் தோண்டியெடுக்கப்பட்டு ஆராயப்பட்டது. மென் திசுக்கள் அழிந்த பின்னரும் எலும்பு முறிவு எஞ்சும். ஆர்சனிக் போன்ற உலோக நஞ்சுகள் முடியிலும் எலும்பிலும் தங்கும்.

நாம் செய்யத்தக்கவை

இறந்தவரின் ஆடை, மருந்துப் புட்டிகள், உண்ட பாத்திரம், கைப்பேசி ஆகியவற்றைக் கழுவாமலும் மாற்றாமலும் வைத்திருக்கச் சொல்லுங்கள். கடைசியாக அவரைக் கண்டவர் யார், எந்நேரம், என்ன பேசினார் என்பவற்றை அன்றே எழுதச் சொல்லுங்கள். எவர் மீதும் ஆராயாது பழி சுமத்த வேண்டாம். பல வேளைகளில் பரிசோதனை இயற்கை மரணமென்றே காட்டும். அப்பொழுது வீண் ஐயம் நீங்கி, குடும்பம் பிளவுபடாது காக்கப்படும். அஃதும் விஞ்ஞானம் செய்யும் உதவியே. ஓரிரு நாட்கள் பொறுத்தல் இறந்தவருக்கு இழைக்கும் அவமதிப்பு அன்று என்பதைத் துயருற்ற குடும்பத்திற்கு அன்புடன் எடுத்துரைப்பது நம் கடமையாகும்.