கப்பல் கணக்கும் சிற்பக் கணக்கும்

பம்பாயில் வாடியா குடும்பத்தார் மலபார் தேக்கால் கட்டி, 1817-இல் நீரில் இறக்கிய டிரிங்கோமாலி போன்ற போர்க்கப்பல்களைச் சிறுவடிவாக்குவோர், பாய்மரம் முதல் பீரங்கி வரை ஒரே விகிதத்தைப் பின்பற்றுவதால், 1:64 அளவில் டிரிங்கோமாலியின் ஏறத்தாழ 46 மீட்டர்ப் பீரங்கித் தளம் 72 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது.

கல்வராயன் மலைக்குக் கிழக்கே, 2021-இல் புவிசார் குறியீடு, அதாவது வட்டாரத் தனித்தன்மைக்கான சட்டப் பாதுகாப்பு, பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் தெய்வ உருவங்களுக்குப் பெயர்பெற்றது. அவ்வுருவங்களுக்கான சிற்பநூல் மரபிலோ, கப்பல் மாதிரிக்கு அசல் கப்பல் அளவு தருவதுபோல, அளவு வெளியிலிருந்து வருவதில்லை. முகநீளத்தை ஒட்டிய ‘தாளம்’ எனும் அலகு 12 அங்குலங்களாகப் பகுக்கப்பட்டு, பத்துத் தாள முறையின் உயர்வகையான உத்தம தசதாளத்தில் முழு உருவம் 124 அங்குலம் பெறுகிறது. இவ்வங்குலம் கடை நாடாவின் அங்குலமன்று. படிமத்தோடு வளர்ந்து சுருங்குவது என்பதால், சாண் உயரத் திருமேனிக்கும் ஆளுயரச் சிலைக்கும் கணக்கு ஒன்றே. எனினும் மரம் கணக்குக்கு மட்டும் கட்டுப்படாது. இழையோட்டத்துக்கு எதிராக உளி இறங்கினால் மூக்கு நுனியே பெயர்ந்துவிடக்கூடும்.