உலக வனங்களும் ஒருமித்த சம்மதமும்

ஒருவன் தன் நிலத்தில் வேப்பமரமொன்றை வைத்து வளர்க்கின்றான். நிலம் அவனுடையது, வரி செலுத்துபவனும் அவனே. ஆயினும் அம்மரத்தின் நிழல் அயலான் முற்றத்தில் விழுகின்றது. அதன் குளிர்ந்த காற்றைத் தெருவார் அனைவரும் நுகர்கின்றனர். ஒரு நாள் அவன் தன் மகளின் விவாகச் செலவின்பொருட்டு அம்மரத்தை வெட்டி விற்க எண்ணுகின்றான். தெருவார் தடுக்கலாமோ? தடுப்பாராயின், அவனுக்கு நேரும் நஷ்டத்தை ஈடுசெய்வார் யாவர்? உலக வனங்களைக் குறித்து முப்பதாண்டுகளுக்கு மேலாகத் தேசங்களுக்குள் நடந்துவரும் வாதம், சுருங்கக் கூறின், இவ்வளவே.

ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பூமியில் 406 கோடி ஹெக்டேர் வனம் உண்டு. இது நிலப்பரப்பில் 31 சதவீதமாகும். இதில் பாதிக்கு மேற்பட்டது ரஷ்யா, பிரேஸில், கனடா, அமெரிக்க ஐக்கிய நாடுகள், சீனா என்னும் ஐந்து தேசங்களுக்குள் அடங்கிவிடுகின்றது. வனம் மழைக்குத் துணையாகின்றது. கரியமில வாயுவை உட்கொண்டு தேக்கிவைக்கின்றது. எண்ணிறந்த உயிர்களுக்கு உறைவிடமாகின்றது. ஆதலின் வனத்தை உடையார் சிலர். அதனாற் பயன்கொள்வார் பலர். இடர்ப்பாட்டின் மூலம் இதுவே.

1990-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஹியூஸ்டன் நகரில் கூடிய ஏழு செல்வத் தேசங்களின் தலைவர்கள், உலக வனங்களைக் காக்கச் சர்வதேச உடன்படிக்கையொன்று வேண்டுமென்றனர். வளரும் தேசங்கள் இதனை ஐயத்துடன் நோக்கின. மலேசியாவும் இந்தியாவும் முன்னின்று மறுத்தன. அவற்றின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. செல்வத் தேசங்கள் தம் வனங்களைப் பண்டே அழித்து வயல்களும் நகரங்களும் ஆக்கிக்கொண்டன. ஆலைகளின் புகையால் வானத்தை நிரப்பினவும் அவையே. இப்பொழுதோ வறிய தேசத்தாரை நோக்கி, உலக நன்மையின் பொருட்டு உங்கள் மரங்களை வெட்டாதிருங்கள் என்கின்றன. ஒரு தேசத்து எண்ணெய்க் கிணறு உலகத்தாரின் பொதுச்சொத்து அன்றாயின், வனம் மட்டும் எங்ஙனம் பொதுச்சொத்தாகும்? இவ்வாறு அவை வினவின. மறுபக்கத்தாரோ, புகைக்கும் மழைக்கும் எல்லைக்கல் இல்லை. அழிந்த உயிரினம் எவ்விலை கொடுப்பினும் மீளாது என்றனர். இரு கூற்றும் மெய்யே. மெய்யோடு பொய் பொரும் வழக்கைத் தீர்ப்பது எளிது. மெய்யோடு மெய் பொரும் வழக்கே அரிது.

1992-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிரேஸில் தேசத்து ரியோ டி ஜனைரோ நகரில் புவி மகாநாடு கூடிற்று. அங்கே சீதோஷ்ண நிலை மாற்றத்தைக் குறித்தும், பல்லுயிர்ப் பெருக்கத்தைக் குறித்தும் இரண்டு உடன்படிக்கைகள் கையொப்பத்திற்கு வைக்கப்பெற்றன. வனத்தைக் குறித்தோ உடன்படிக்கை எழவில்லை. கொள்கைகளடங்கிய ஓர் அறிக்கை மட்டும் பிறந்தது. அதன் நீண்ட தலைப்பிலேயே கலகத்தின் வடுக்களைக் காணலாம். அது ‘சட்டக் கட்டுப்பாடற்றது’ என்றும், ‘அதிகாரமுடையது’ என்றும் ஒருங்கே கூறுகின்றது. ‘எல்லாவகை வனங்கள்’ என்னும் தொடரும் அதில் உண்டு. உஷ்ணப் பிரதேசத்து வனங்களை மட்டுமே குற்றக்கூண்டில் நிறுத்தாது, குளிர்நாட்டு வனங்களையும் அதே அளவுகோலால் அளக்கவேண்டுமென்று வளரும் தேசங்கள் விடாது கேட்டதன் பயன் அது.

இத்தகைய மகாநாடுகளில் பெரும்பாலும் வாக்கெடுத்து முடிவு செய்வதில்லை. எவரும் மறுத்து நில்லாத வாசகமே முடிவாகும். நகல் வாசகத்தில் ஒரு தேசம் ஏற்காத சொற்களைச் சதுர அடைப்புக்குறிக்குள் இடுவர். பின்னர், ‘செய்யவேண்டும்’ என்பதைச் ‘செய்ய முயலலாம்’ என்று தளர்த்தியும், ‘இயன்ற அளவில்’ என்பதைச் சேர்த்தும், அக்குறிகளை ஒவ்வொன்றாக நீக்க முயல்வர். இங்ஙனம் எவரும் மறுக்காத வாசகம் கிடைக்கும். அது எவரையும் கட்டாத வாசகமாகவும் போய்விடக் கூடும்.

வனம் என்பது யாது என்பதிலும் வழக்குண்டு. உணவு விவசாய ஸ்தாபனத்தின் இலக்கணப்படி, அரை ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில், 5 மீட்டருக்கு மேல் வளரும் மரங்களின் கவிகை 10 சதவீதத்திற்கு மேல் இருப்பின், பயிர்த்தொழிலுக்கோ குடியிருப்புக்கோ உரியதல்லாத அந்நிலம் வனமாகும். இதன்படி ரப்பர்த் தோட்டம் வனத்தைச் சாரும். எண்ணெய்ப்பனைத் தோட்டம் சாராது. தொன்மையான கானகத்தை அழித்து ஒரே சாதி மரத்தை நட்டாலும் கணக்கில் வனம் குறையாதிருக்கக் கூடும். சொல்லின் பொருள் மாறினால் கடமையின் அளவும் மாறுமாதலின், சொல்லுக்காகப் போராடுவோரை வீண்வாதிகள் என்று இகழ்தல் பொருந்தாது.

கட்சிகளும் ஒரே நிலையில் நிற்கவில்லை. ரியோவில் மறுத்த மலேசியா, சில ஆண்டுகளில் கனடாவுடன் சேர்ந்து உடன்படிக்கையை ஆதரித்தது. முன்னே வேண்டிய அமெரிக்க ஐக்கிய நாடுகள் பின்னே வேண்டாமென்றது. 1995 முதல் 2000 வரை இரண்டு குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூடி ஆராய்ந்தன. 2000-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் வன மன்றம் நிறுவப்பெற்றது. 2005 மே மாதத்தில் நியூயார்க்கில் கூடிய அம்மன்றம், காலவரையறையுள்ள இலக்குகளிலும் பொருளுதவியிலும் மனமொவ்வாது, முடிவின்றிக் கலைந்தது. மறு ஆண்டில் நான்கு பொது நோக்கங்களில் இணக்கம் ஏற்பட்டது. 2007 டிசம்பர் 17-ஆம் நாள், சட்டக் கட்டுப்பாடற்ற வன ஆவணமொன்றை ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை ஏற்றது. 2017-இல் அமைந்த திட்டமோ, 2030-க்குள் உலக வனப்பரப்பை 3 சதவீதம் பெருக்குதலை இலக்காகக் கொண்டது. எல்லாவகை வனங்களுக்கும் பொதுவான சட்ட உடன்படிக்கை இன்றுவரை உருவாகவில்லை.

அங்ஙனமாயின் இவ்வளவு பேச்சும் வீணோ? பிரேஸில் தேசத்தின் அனுபவம் இதற்கு ஒருவாறு விடையளிக்கும். அமேசான் பிரதேசத்தில் 2004-ஆம் ஆண்டில் 27,000 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட வனம் அழிந்தது. 2012-இல் அவ்வழிவு 5,000 சதுர கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிற்று. அத்தேசம் தன் சட்டங்களைக் கடுமையாக நிறைவேற்றியதும், செயற்கைக் கோள்களின் உதவியால் கண்காணித்ததும் இதற்கு முக்கிய காரணங்கள். இடையே 2008-இல் நார்வே தேசம், அழிவு குறையும் அளவுக்கேற்ப 100 கோடி டாலர் வரை அளிப்பதாக வாக்களித்தது. பின்னர் அரசின் நோக்கம் மாறவே, 2021-இல் அழிவு 13,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டிற்று.

இதனால் நாம் அறிவது யாது? வனத்தைக் காப்பவன் அதனை உடையவனே. அவன் மனம் இசையாவிடின் வெளியார் எழுதும் சட்டம் ஏட்டளவில் நிற்கும். ஆயின் அவனுடைய இசைவை வெறும் உபதேசத்தாற் பெறுதல் இயலாது. இழப்பில் பங்கேற்க முன்வருவோர்க்கே கேட்கும் உரிமை உண்டு. ஒருமித்த சம்மதம் தாமதமாக வருவதும், மெலிந்த சொற்களோடு வருவதும் குறையே. எனினும் வேப்பமரத்துக்காரனோடு அமர்ந்து பேசுதலை விட்டு அவனை மிரட்டச் சென்றால், இரவோடிரவாக மரம் விறகாகிவிடும். பேசிக்கொண்டேயிருந்து, மகளின் விவாகச் செலவில் ஒரு காசும் கொடாதிருப்பினும் முடிவு அதுவே. நிழலில் அமர்ந்தவர் தம் பங்கை எடுத்து வைக்கும் நாளிலேயே மரம் நிலைக்கும்.