யாருக்காக வந்தீர்கள்?

'பப்' என்ற சொல்லைக் கேட்டதும் நம் ஊர் மதுக்கடையின் கம்பிக் கதவும், அதன் முன் முண்டியடிக்கும் கூட்டமுமே மனக்கண்முன் தோன்றும். ஆங்கிலத் துறை விரிவுரையாளன் ஒருவன் கல்லூரி மலரில் பப்பைப் பற்றி எழுதப் புகுந்தால் புருவங்கள் உயர்வது இயல்பே. எனவே ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சியின் பொருட்டு இலண்டனில் ஆறு திங்கள் தங்கியிருந்தபோது, நான் சென்ற பப்புகளில் ஆரஞ்சுச் சாற்றைத் தவிர வேறெதையும் பருகியதில்லை. அங்கு அதை யாரும் வியப்பாகப் பார்ப்பதும் இல்லை. 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கமே பப். குடிப்பதற்கு மட்டுமன்றி, கூடுவதற்கும் உரிய இடம் அது. ஒரு மூலையில் முதியவர் ஒருவர் நாளிதழ் படித்துக் கொண்டிருப்பார். நாய் ஒன்று மேசையடியில் உறங்கும். இத்தகைய பப்புகள் சிலவற்றின் பின்கட்டிலோ, மாடியிலோ, நிலவறையிலோ தாழ்ந்த கூரையுள்ள ஓர் அறை உண்டு. யாரும் பெயர் அறியாத இசைக்குழுக்கள் இரவுதோறும் பாடுவது அந்த அறையில்தான். நான் சொல்ல வந்தது அந்த அறையைப் பற்றியே.

பப்பில் பாட்டு என்பது புதிதன்று. ஆனால் ராக் இசை 1960களின் இறுதியில் பெரிய அரங்குகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. கருவிகளும் விளக்குகளும் பெருகின. கேட்பவருக்கும் பாடுபவருக்கும் இடையே தொலைவும் பெருகிற்று. இந்நிலையில், 1971ஆம் ஆண்டு எக்ஸ் ஓவர் ஈஸி என்ற அமெரிக்கக் குழு, வடக்கு இலண்டனின் கெண்டிஷ் டவுன் பகுதியில் டாலி ஹோ என்ற பப்பில் வாசிக்கத் தொடங்கியது. (பெயரைக் கேட்டு மருள வேண்டாம், அது முட்டை பொரிக்கும் முறைகளுள் ஒன்று.) அதுவரை ஜாஸ் ஒலித்த அந்த இடத்தில் எளிய கருவிகளுடன் எழுந்த இவர்களின் இசைக்குக் கூட்டம் சேர்ந்தது. மற்றக் குழுக்களும் பின்தொடர்ந்தன. 'பப் ராக்' என்று அதற்குப் பெயரும் வந்தது. இப்படிப் பப்புகளில் வளர்ந்த டாக்டர் ஃபீல்குட் என்ற குழுவின் நேரடி நிகழ்ச்சி இசைத்தட்டு, 1976இல் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தையே பிடித்தது.

இசுலிங்டன் பகுதியில் உள்ள ஹோப் அண்ட் ஆங்கர் என்ற பப்பின் நிலவறை இவ்வரலாற்றில் தனி இடம் பெற்றது. 1979 டிசம்பரில் அயர்லாந்திலிருந்து வந்த நான்கு இளைஞர்கள் அங்கே வாசித்தபோது கேட்டவர்கள் ஒன்பது பேர்தாம் என்பர். அந்த நால்வர்தாம் பின்னாளில் உலகின் மாபெரும் விளையாட்டரங்குகளை நிரப்பிய யு டூ குழுவினர்.

இக்கதையைச் சொல்லும்போதெல்லாம் எல்லாரும் ஒரு புன்னகையுடன் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒன்பது பேர் முன் பாடியவர்களில் உலகப் புகழ் பெற்றவர்களை மட்டும் எண்ணி மகிழ்ந்தால், அந்த அறைகளில் பாடிய மற்ற ஆயிரமாயிரம் பேர் வீண் என்றாகிவிடாதா? இவ்வகையில் எனக்குப் பிடித்தவர் மார்க் நாப்ளர். ஏறத்தாழ ஆளே இல்லாத ஒரு பப்பில், சாதாரணமான ஜாஸ் குழு ஒன்று வாசிப்பதை அவர் கேட்டார். வாசித்து முடித்தவர்கள் தம்மை 'சுல்தான்கள்' என்று அறிவித்துக் கொண்டார்களாம். அந்தக் கம்பீரப் பெயருக்கும் அந்த எளிய தோற்றத்துக்கும் இருந்த முரணே அவருக்குப் பாடலாயிற்று. 1978இல் வெளிவந்து, அவருடைய டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவை உலகறியச் செய்த பாடல் அது. அந்த ஜாஸ் குழுவினர் புகழ் பெறவில்லை. ஆனால் அவர்களைக் கேட்ட ஒருவர் இருந்தார்.

இனி நான் கண்ட இரவுக்கு வருகிறேன். பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. வெளியே குளிர் தாங்காமல் ஆறரை மணிக்கே உள்ளே புகுந்துவிட்டேன். அதனால் பொதுவாகக் கேட்க வருபவர்கள் காணாத ஒன்றை, அதாவது ஒலிச் சோதனையை, காண முடிந்தது. அன்று மூன்று குழுக்கள். கடைசியில் வாசிக்கும் குழு முதலில் சோதனை செய்தது. முதலில் வாசிக்கும் குழு கடைசியில் செய்தது. இது தலைகீழாக இருக்கிறதே என்று ஒலியமைப்பாளரைக் கேட்டேன். "கடைசியில் சோதித்தவர்களின் கருவிகள் மேடையில் அப்படியே இருக்கும். கதவு திறந்ததும் அவர்கள் உடனே தொடங்கிவிடலாம்" என்றார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதில் ஒரு வினை உண்டு. முன்னவர்கள் நேரத்தை நீட்டித்தால், வெட்டுப்படுவது முதற்குழுவின் சோதனையே. அன்றும் அப்படியே நடந்தது. பெரிய குழு ஒரு மணி நேரம் எடுத்துக் கொண்டது. முதற்குழுவின் இருவருக்கும் கிடைத்தது ஐந்து நிமிடம். மைக் வேலை செய்கிறது, கிதார் கேட்கிறது, அவ்வளவே. ஒலியமைப்பாளர் வருத்தத்தோடு கையை விரித்தார்.

முரசுத் தொகுதி மூன்று குழுவுக்கும் பொது. ஆயினும் சிறுமுரசு, தாளத் தட்டுகள், காலால் அழுத்தும் மிதி ஆகிய மூன்றையும் அவரவரே கொண்டுவர வேண்டும் என்பது எழுதாத விதி. எளிதில் உடைபவை இவைதாம் என்பதே காரணம்.

ஏழரை மணிக்கு வாயிலில் ஒரு பெண் சிறு மேசை போட்டு அமர்ந்தார். கட்டணம் ஆறு பவுன். பணத்தை வாங்கிக் கொண்டு, "யாருக்காக வந்தீர்கள்?" என்று கேட்டார். அவர் முன்னிருந்த தாளில் மூன்று கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு குழுவின் பெயர். கீழே கோடு கோடாக எண்ணிக்கை. தம் பெயரைச் சொல்லி வந்தவர்களில் முதல் பதினைந்து பேருக்குக் குழுவுக்கு ஒன்றும் இல்லை. அது அறைக்கும் ஒலியமைப்பாளருக்கும் போகும். பதினாறாம் ஆளிலிருந்து தலைக்கு மூன்று பவுன் குழுவுக்கு. இலண்டனின் சிறிய இசையிடங்கள் பலவற்றில் இம்முறை ஏதோ ஒரு வடிவில் உண்டு. தொகையும் எண்ணிக்கையும் இடத்துக்கு இடம் மாறும்.

"யாருக்காகவும் இல்லை, பாட்டுக் கேட்க வந்தேன்" என்றேன். அவர் சிரித்தார். "அதற்குத் தாளில் கட்டம் இல்லையே, ஐயா. மூன்றில் ஒன்றைச் சொல்லுங்கள்."

சிந்தித்துப் பார்த்தால் அந்த ஒரு கேள்வியில்தான் இந்த உலகத்தின் பொருளாதாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பெயர் அறியாத ஒரு குழு, பெயர் அறியாத ஒருவரின் செவியை எட்டுவதற்காகவே மேடை ஏறுகிறது. ஆனால் கணக்குத் தாள் அந்த ஒருவரை அறியாது. அறிமுகமானவர்களை அழைத்து வந்தால்தான் பணம். ஆகவே இளைஞர்கள் பாட்டுப் பழகுவதை விட்டு, அலுவலக நண்பர்களையும் அத்தை மகனையும் வருந்தி அழைப்பதில் வாரத்தைக் கழிக்கிறார்கள். இரண்டாம் முறை அழைத்தால் அத்தை மகன் வருவானா?

முதற்கட்டத்தில் நான்கு கோடுகளே இருந்தன. ஐந்தாவதாக என்னைச் சேர்த்துக் கொள்ளச் சொன்னேன்.

முதற்குழு பாடியபோது அறையில் பதினொருவர் இருந்தோம். பாதிப் பாட்டுகள் சாதாரணம். ஆனால் நான்காவது பாட்டில் அந்தப் பெண் கிதாரை வைத்துவிட்டு வெறுங்குரலில் பாடினார். மூடிய ஆலையில் வேலை பார்த்த தந்தையைப் பற்றிய பாட்டு. மதுமேடையில் கிண்ணம் துடைத்துக் கொண்டிருந்தவர்கூடக் கையை நிறுத்தினார். ஒன்பது மணிக்கு இரண்டாம் குழுவின் நண்பர்கள் அறுபது பேர் ஆரவாரத்துடன் நுழைந்தார்கள். அந்த ஐவரின் இசையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, உரக்க இருந்தது. அவர்கள் முடித்த பத்தாம் நிமிடம் அறுபது பேரும் கீழே மதுக்கூடத்துக்கோ, தொடர்வண்டி நிலையத்துக்கோ போய்விட்டனர். கடைசிக் குழு மூன்று பெண்கள். மூவரில் ஒருவர் வாசித்த வயலினை இன்னும் மறக்க முடியவில்லை. கேட்க எஞ்சியவர் பதினான்கு பேர்!

கணக்கு முடிந்தபோது உரக்க வாசித்தவர்களுக்கு நூற்றைம்பது பவுனுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைத்தது. ஒரு மணி நேரம் ஒலி சோதித்த பெரிய குழுவுக்குச் சிறு தொகை. முதற்குழுவுக்கு ஒன்றுமில்லை. சொந்தப் பாடல்களுக்கு மட்டும் ஒரு வழி உண்டு. 1914இல் தோன்றிய பி.ஆர்.எஸ். என்ற இசையுரிமைச் சங்கத்தில் உறுப்பினராக உள்ளவர், எந்த இடத்தில் எந்தப் பாடலைப் பாடினோம் என்று பட்டியல் அனுப்பினால், இசையிடங்களிடம் சங்கம் பெறும் கட்டணத்திலிருந்து ஒரு பங்கு வரும்.

அப்படியானால் பப் உரிமையாளர்தாம் கொள்ளையடிக்கிறாரா? இல்லை. அறைக்கு ஆகும் செலவை உண்மையில் சுமப்பது கீழே விற்கும் பீர். அதோடு சட்டமும் அவரைப் பல காலம் அலைக்கழித்தது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1964ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒருவர் அல்லது இருவர் பாடினால் தனி உரிமம் தேவையில்லை. மூன்றாம் ஆள் கஞ்சிராவைத் தட்டினாலும் உரிமம் வேண்டும். 2003ஆம் ஆண்டுச் சட்டம் 2005 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோது இந்தச் சலுகையும் போயிற்று. பின்னர், 2012ஆம் ஆண்டு நேரடி இசைச் சட்டம், மது விற்கும் உரிமமுள்ள இடங்களில் காலை எட்டு முதல் இரவு பதினொன்று வரை, இருநூறு பேருக்கு மிகாத கூட்டத்துக்கு உரிமத் தொல்லையை நீக்கிற்று. 2015இல் இருநூறு ஐந்நூறாயிற்று.

சட்டம் விட்டாலும் அண்டை வீட்டார் விடுவதில்லை. நாற்பது ஆண்டு இசை ஒலித்த பப்பின் பக்கத்தில் புதிய அடுக்கு வீடு எழும். குடிவந்தவர் இரைச்சல் என்று முறையிடுவார். புதிதாகக் கட்டுபவரே ஒலித்தடுப்புக்குப் பொறுப்பு என்ற நெறி, இங்கிலாந்தின் திட்டக் கொள்கையில் 2018இல்தான் இடம் பெற்றது. வாடகையும் மின்கட்டணமும் வேறு. சிறிய இசையிடங்களைக் காக்க 2014இல் தொடங்கிய மியூசிக் வென்யூ டிரஸ்ட், 2023ஆம் ஆண்டில் மட்டும் 125 இடங்கள் நேரடி இசையைக் கைவிட்டதாகக் கணக்கிட்டது. அவற்றுள் பாதிக்கு மேல் அடியோடு மூடப்பட்டவை.

நம் மாணவர்கள் சிலர் மேற்படிப்புக்கு அந்நகர் செல்லக்கூடும். அவர்கள் சனிக்கிழமையை விட்டுவிட்டு, செவ்வாய் அல்லது புதன் செல்லட்டும். கட்டணம் குறைவு; நிற்க இடமும் கிடைக்கும். ஒலிபெருக்கியின் நேர் முன்னால் நிற்க வேண்டாம். ஒலியமைப்பாளரின் பலகைக்கு அருகில் நின்றால் அவர் கேட்பதே நமக்கும் கேட்கும். காதடைப்பான் எடுத்துச் செல்லுங்கள். எட்டு மணிக்குள் போய்விடுங்கள். வாயிலில் அந்தக் கேள்வியைக் கேட்டால், தாளைச் சற்று எட்டிப் பார்த்து, எந்தக் கட்டத்தில் கோடு குறைவாக இருக்கிறதோ அந்தக் குழுவின் பெயரைச் சொல்லுங்கள்.