கேமரா இருக்கு, கணக்கு இருக்கா? சேலத்துப் பசங்களுக்கு ஒரு சினிமா வியாபாரப் பாடம்

போன தீபாவளிக்கு முன்னாடி நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு துணிக்கடைக்கு விளம்பர வீடியோ எடுத்தோம். 40 செகண்ட்தான். கடை பேர் வேண்டாம். போன்ல பேசி 12,000 ரூபாய்னு முடிவாச்சு, 2,000 அட்வான்ஸ் வாங்கினோம். லென்ஸுக்கும் லைட்டுக்கும் ரெண்டு நாள் வாடகை 3,000. பெட்ரோல், சாப்பாடு 1,400.

எடிட் பண்ணி அனுப்பினதும் ஆரம்பிச்சது. "தம்பி, லோகோ கொஞ்சம் பெருசா." "தம்பி, மியூசிக் மாத்துங்க." "தம்பி, நம்ம பாப்பாவும் ஒரு ஷாட்ல வரட்டும்." ஏழு தடவை மாத்திக் கொடுத்தோம். வீடியோ ஓடுச்சு, கடைக்குக் கூட்டமும் வந்துச்சு. மீதி 10,000 மட்டும் இன்னும் வரல. எங்க கைக்காசு 2,400 போச்சு. அதைவிட மோசம், யார் போன் பண்ணிக் கேக்குறதுன்னு எங்களுக்குள்ளேயே சண்டை வந்து ஒரு மாசம் பேச்சுவார்த்தை இல்லாம இருந்தோம்.

எங்க நாலு பேருக்கும் ஷட்டர் ஸ்பீடு தெரியும், கலர் கிரேடிங் தெரியும். பில் போடத் தெரியாது. இந்தக் கட்டுரை அந்தத் தெரியாத பாதியைப் பத்தினது.

ஏற்காடு ரோட்டு வளைவு

சேலத்துல இருந்து ஏற்காடு போற வழியில ஒரு பழைய வளைவைப் பார்த்திருப்பீங்க. மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவோட வாசல் அது. நம்மள்ல பாதிப் பேர் அது முன்னாடி செல்ஃபி எடுத்திருப்போம். அதுக்குப் பின்னாடி என்ன நடந்ததுன்னு யோசிச்சிருக்க மாட்டோம்.

அதைத் தொடங்கிய டி.ஆர். சுந்தரம் 1907-ல் பிறந்தவர். டி.ஆர். என்பதில் உள்ள 'டி' நம்ம திருச்செங்கோடுதான். நூல், துணி வியாபாரக் குடும்பம். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தவர். அப்போ தமிழ்ப் படம் எடுக்கணும்னா கல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ போகணும். சேலம் ஏஞ்சல் பிலிம்ஸோடு கூட்டாகப் படம் எடுத்துப் பழகிய சுந்தரம், ஊரிலேயே சொந்த ஸ்டூடியோ கட்டினார். அதன் முதல் படம் 'சதி அகல்யா', 1937-ல் வந்தது. மலையாளத்தின் முதல் பேசும்படம் 'பாலன்' (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956), மலையாளத்தின் முதல் வண்ணப் படம் 'கண்டம் பெச்ச கோட்டு' (1961) எல்லாமே இந்த நிறுவனத்தின் படங்கள். மொத்தம் நூற்றுக்கும் மேல்.

சென்னையிலிருந்து இவ்வளவு தள்ளி இருந்துக்கிட்டு இது எப்படி முடிஞ்சது? சுந்தரம் சினிமாவை ஒரு மில் மாதிரி நடத்தினார். படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, லேப் எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள். நடிகர்களுக்கும் டெக்னீஷியன்களுக்கும் மாதச் சம்பளம். நேரத்துக்கு வரணும், திட்டம் போட்டபடி முடிக்கணும். கலைஞர் கருணாநிதி அங்கே வசனம் எழுதினார். எம்.ஜி.ஆர். நடித்த 'மந்திரி குமாரி' (1950) அப்படி வந்த படம்தான்.

இதுல நமக்கு முக்கியமானது ஒண்ணு இருக்கு. அங்கே வேலை செய்த கேமராமேனுக்கு வியாபாரம் தெரிய வேண்டியதில்லை. பட்ஜெட், ஒப்பந்தம், உரிமை, வசூல் எல்லாத்தையும் ஆபீஸ் பார்த்துக்கிட்டது. சுந்தரம் 1963-ல் காலமானார். அவருக்குப் பிறகு மகன் ராமசுந்தரம் கொஞ்ச காலம் நடத்தினார். இன்னிக்கு ஸ்டூடியோ இல்லை. நம்ம கையில அவங்ககிட்ட இருந்ததைவிட நல்ல கேமராவே இருக்கு. ஆனா அந்த ஆபீஸ் இல்லை. இப்போ அந்த ஆபீஸும் நாமதான்.

உலகம் முழுக்க இதே கதைதான். ஐரோப்பாவில் தனித் தயாரிப்பாளர்களுக்குத் தொழில் கத்துக்கொடுக்க 'ஈவ்' என்ற அமைப்பு 1988-லேயே வந்துவிட்டது. நம்ம நாட்டில் என்.எஃப்.டி.சி. 2007 முதல் கோவாவில் பிலிம் பஜார் நடத்துகிறது. சுயாதீனப் படக்காரர்கள் தங்கள் படத்துக்கு முதலீட்டாளரையும் வாங்குபவரையும் தேடும் சந்தை அது. இந்த மாதிரி இடங்கள்ல கேமரா ஆங்கிள் பத்திப் பேச்சு கம்மி. பட்ஜெட் எவ்வளவு, பணம் எங்கிருந்து வரும், உரிமை யார்கிட்ட இருக்கு என்ற மூணு கேள்விதான் திரும்பத் திரும்ப வரும். நாமளும் அதையே ஒண்ணொண்ணா பார்ப்போம்.

முதல் பாடம்: ரேட்

இதுக்கு கோவா வரைக்கும் போக வேண்டாம், திருச்செங்கோடு போதும். போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரர் எப்படி ரேட் சொல்றார்? அடிக்கு இவ்வளவு. ஆழம் போகப் போக அடி ரேட் ஏறும். கேசிங் பைப் தனி. முதல் அடி போடுறதுக்கு முன்னாடியே தோட்டக்காரருக்கு இது தெரியும். 600 அடி போன பிறகு "300 அடி காசுதான் தருவேன்"னு யாரும் சொல்ல முடியாது.

நாமளும் அப்படித்தான் சொல்லணும். இத்தனை நாள் ஷூட், இத்தனை நிமிஷ வீடியோ, ரெண்டு திருத்தம் வரை இந்த விலை. மூணாவது திருத்தத்துல இருந்து தனி. அந்தத் துணிக்கடைக்காரர் ஏழு தடவை கேட்டது அவர் தப்பு மட்டும் இல்லை. ஏழுக்கும் சேர்த்து ஒரே காசுன்னு நாங்கதான் சொல்லாம சொல்லிட்டோம்.

அடுத்தது அடக்கவிலை. நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரி வச்சிருக்கிறவங்களைக் கேளுங்க. டீசலும் டிரைவர் பேட்டாவும் மட்டும் செலவுன்னு சொல்ல மாட்டாங்க. டயர் தேய்மானத்தையும் கணக்குல சேர்ப்பாங்க. நம்ம கேமராவும் தேயுது. 90,000 ரூபாய் கேமரா மூணு வருஷம் உழைக்கும், வருஷத்துக்கு 30 வேலைன்னு வச்சுக்கிட்டா, ஒரு வேலைக்கு 1,000 ரூபாய் தேய்மானம்.

இப்ப எங்க கணக்கைத் திரும்பப் போடுறேன். வாடகை 3,000, பெட்ரோல் சாப்பாடு 1,400, கேமரா தேய்மானம் 1,000. நாலு பேர் ரெண்டு நாள் ஷூட், ஒருத்தர் மூணு நாள் எடிட், ஆக 11 ஆள் நாள். ஒரு நாளுக்கு வெறும் 700 ரூபாய் கூலி போட்டாலே 7,700. மொத்தம் 13,100.

நாங்க சொன்ன ரேட் 12,000. அதாவது அந்தக் கடைக்காரர் கடைசிப் பைசா வரைக்கும் கொடுத்திருந்தாலும் எங்களுக்கு 1,100 நஷ்டம்தான்! இதைப் பேப்பர்ல போட்டுப் பார்த்த அன்னிக்குத்தான் எங்க நாலு பேர் சண்டையே தீர்ந்துச்சு.

ரெண்டாவது பாடம்: உரிமை

இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1957. இதுல நாம தெரிஞ்சுக்க வேண்டியது மூணு.

ஒண்ணு, ஒரு படத்தின் ஆசிரியர் யார்னு கேட்டா சட்டம் டைரக்டரைக் காட்டாது, தயாரிப்பாளரைக் காட்டும். படத்தை உருவாக்க முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவர்தான் தயாரிப்பாளர். நாலு நண்பர்கள் சேர்ந்து குறும்படம் எடுத்தா அது யார்? டைட்டில் கார்டுக்கு முன்னாடியே எழுதி வச்சுக்கோங்க. படம் ஹிட் ஆன பிறகு இதைப் பேசினா நட்பு மிஞ்சாது.

ரெண்டு, ஒருத்தர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன வீடியோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அவரே முதல் உரிமையாளர். கல்யாண வீடியோ, கடை விளம்பரம் எல்லாம் இதில் வரும். அதை நம்ம யூடியூப் சேனல்லயோ இன்ஸ்டாவுலயோ மாதிரி வேலையா போடணும்னா முன்கூட்டியே எழுத்துல அனுமதி வாங்கணும். "முழுப் பணமும் வந்த பிறகே உரிமை உங்களுக்கு மாறும்"னு ஒரு வரி சேர்த்தா நம்ம பக்கம் பலம். எங்க பேச்சுல அந்த வரி இல்லை.

மூணு, கதையையோ பாட்டையோ உரிமை மாத்திக் கொடுக்கிறது எழுத்துல, கையெழுத்தோட இருந்தாத்தான் செல்லும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். உங்க ஸ்கிரிப்டைக் கேட்கிறவர் நீட்டுற தாள்ல "உலகம் முழுவதும், நிரந்தரமாக" என்று இருக்கான்னு பார்த்துட்டு அப்புறம் பேனாவை எடுங்க.

மூணாவது பாடம்: வசூல்

லாரி செட்ல அட்வான்ஸ் வாங்காம வண்டி கிளம்பாது. நமக்கும் அதே சட்டம் இருக்கட்டும். பாதி முன்பணம், மீதி ஃபைனல் ஃபைல் கொடுக்கும்போது. அதுவரைக்கும் வாட்டர்மார்க் போட்ட காப்பி மட்டும்.

தொடர்ந்து வேலை எடுக்கிறவங்க உத்யம் பதிவு செஞ்சுக்கோங்க. ஆதார், பான் இருந்தா ஆன்லைன்ல இலவசம். காசு கேக்குற ஏஜெண்ட் தேவையில்லை. 2006-ம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, பதிவு பெற்ற சிறு தொழில்காரருக்கு வாங்குபவர் பேசிய தேதிக்குள் பணம் தரணும், அந்தத் தேதி 45 நாளைத் தாண்டக் கூடாது. தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆன்லைனில் புகாரும் கொடுக்கலாம். ஆனா வேலை நடக்குறதுக்கு முன்னாடியே பதிவு இருக்கணும். நாங்க அதையும் தாமதமாத்தான் தெரிஞ்சுக்கிட்டோம்.

ஜி.எஸ்.டி.ன்னா பயப்படாதீங்க. நம்ம மாதிரி சேவை வேலைக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டும்போதுதான் பொதுவா அந்தக் கேள்வியே வரும். கம்பெனிகள் பணத்தில் டி.டி.எஸ். பிடிச்சா அதைக் குறிச்சு வச்சுக்கோங்க. வரி கட்டும் அளவு வருமானம் இல்லைன்னா, ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம்.

எங்கே கத்துக்கலாம்?

தொழில்முனைவோர் பயிற்சிக்கு சென்னையில் தமிழ்நாடு அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் இருக்கு. சேலத்திலும் நாமக்கல்லிலும் மாவட்டத் தொழில் மையம் இருக்கு. வீடியோ எடுக்கிறதும் தொழில்தான், தயங்காம போய்க் கேளுங்க. நம்ம காலேஜ்லயே எம்.பி.ஏ. பசங்களுக்குக் கணக்கு தெரியும், நமக்கு கேமரா தெரியும். ஒரு சாயங்காலம் கேன்டீன்ல சேர்ந்து உட்கார்ந்தாலே பாதிப் பயிற்சி முடிஞ்சது.

அடுத்த வேலைக்கு போன் வந்தா, பேசி முடிச்ச கையோட இந்த மெசேஜை அனுப்புங்க:

"அண்ணா, பேசினபடி 1 நிமிஷ வீடியோ, 2 நாள் ஷூட், 2 திருத்தம். மொத்தம் இவ்வளவு ரூபாய். பாதி முன்பணம், மீதி ஃபைனல் ஃபைல் தரும்போது. கூடுதல் திருத்தம் ஒண்ணுக்கு இவ்வளவு. முழுப் பணம் வந்ததும் உரிமை உங்களுக்கு. எங்க பேஜ்ல மாதிரியா போட்டுக்குவோம். சரின்னா ஒரு ரிப்ளை போடுங்க."

பொங்கலுக்கு ஒரு வெள்ளிக் கொலுசுக் கடைக்கு நாங்க இதைத்தான் அனுப்பினோம். மெசேஜ் போன பிறகு பத்து நிமிஷம் பதில் இல்லை. போச்சு, வேலை போச்சுன்னு நினைச்சோம். அப்புறம் அவர் அனுப்பினார்: "சரி தம்பி. கணக்கா இருக்கீங்க, நல்லது." கூடவே பாதிப் பணமும் வந்துச்சு.