எண்டாவ் வானில் ஒரு பிற்பகல்

வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஜொகூரின் கீழைக்கரை எப்படிக் கொந்தளிக்கும் என்பது மெர்சிங் மீனவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அலையும் மழையும் கைகோத்து நிற்கும் அக்காலத்தில் எந்தப் பகைவனும் இங்கே படையிறக்கத் துணியான் என்றே, இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன் மலாயாவைக் காத்து நின்ற பிரிட்டிஷார் பலர் நம்பியிருந்தார்கள். ஆனால் அங்கிருந்த பிரிட்டிஷ் சேனாதிபதி டாபி 1937இல், அம்மாதங்களிலும் படையிறக்கம் சாத்தியமே, மூடிய வானம் வேவு விமானத்தின் கண்ணை மறைத்துவிடுவதால் வருகிறவனுக்குத்தான் அது அனுகூலம் என்று எச்சரித்தார். அவர் சொல் அம்பலம் ஏறவில்லை.

1941 டிசம்பர் 6ஆம் தேதி, சயாம் வளைகுடாவில் ஜப்பானியக் கப்பல் வரிசையை ஆஸ்திரேலியரின் ஹட்சன் விமானங்கள் கண்டன. கண்ட மாத்திரத்திலேயே மேகமும் மழையும் அதை விழுங்கிவிட்டன. மறுநாள் நள்ளிரவுக்குப் பின் கோத்தா பாருவில் படை இறங்கியபோது, ஹட்சன்கள் அவாஜிசான் மாரு என்ற கப்பலைத் தீக்கிரையாக்கினவேனும், கொட்டும் மழையில் வில்டபீஸ்ட் விமானங்கள் ஏவிய டார்பிடோக்கள் குறி தவறின.

வில்டபீஸ்டைப் பற்றி ஒரு வார்த்தை. 1928இல் முதன்முதலாகப் பறந்த அது, இரட்டை இறக்கையும் திறந்த இருக்கையும் கொண்ட ஒற்றை என்ஜின் விமானம். சுமையோடு மணிக்கு ஏறத்தாழ 100 மைல் வேகத்தில் ஊர்ந்து செல்லும். அதனைக் காக்கப் புறப்பட்ட போர் விமானங்கள், மாட்டுவண்டிக்குத் துணையாக வந்த மோட்டார் வண்டி போல, முன்னே போய்விடாதபடி வளைந்து வளைந்து பறக்கவேண்டியிருந்தது.

இந்தக் கிழட்டு விமானங்களே 1942 ஜனவரி 26ஆம் தேதி, ஜொகூரின் கீழைக்கரையிலுள்ள எண்டாவுக்கு அனுப்பப்பட்டன. கஹாங், குளுவாங் விமானத்தளங்களுக்கான ஆட்களையும் தளவாடங்களையும் ஏற்றிய இரண்டு ஜப்பானியக் கப்பல்கள், செண்டாய் என்ற குரூசரின் காவலில் வருவதைக் காலை 7:45க்கே இரு ஹட்சன்கள் கண்டுவிட்டன. ஆனால் எதிரி வானொலியைக் குழப்பிவிட்டதால், அவை சிங்கப்பூரில் வந்து இறங்கிய பிறகே செய்தி தெரிந்தது. விமானிகளோ முந்திய இரவும் பறந்து களைத்தவர்கள். டார்பிடோ நீரில் விழுந்ததும் முதலில் ஆழ்ந்து, பிறகே மேலெழுந்து ஓடும். கரையோரத்தில் அதற்கு ஆழம் போதாதென்று குண்டுகளைப் பூட்டினார்கள். இவ்வாறு பொழுது நழுவி, 12 வில்டபீஸ்டுகளும் 9 ஹட்சன்களும் எண்டாவை அடைந்தபோது பிற்பகல் மூன்று மணி. அதற்குள் ஜப்பானியப் போர் விமானங்கள் தலைக்குமேல் காத்திருந்தன.

ஐந்து வில்டபீஸ்டுகள் வீழ்ந்தன. அதைக் கண்டபின்னும் மாலையில் இரண்டாவது அணியை அனுப்பியதைத் தைரியம் என்பதா, பிடிவாதம் என்பதா? அதில் மேலும் ஐந்து வில்டபீஸ்டுகளும் இரண்டு அல்பகோர் விமானங்களும் அழிந்தன. கப்பல்கள் இரண்டும் அடிபட்டனவே தவிர மூழ்கவில்லை. அன்றிரவு அவற்றைத் தாக்கச் சிங்கப்பூரிலிருந்து சென்ற தானெட், வாம்பயர் என்ற இரு நாசகாரிக் கப்பல்களில் தானெட் மூழ்கியது; வாம்பயர் தப்பியது. எஞ்சிய வில்டபீஸ்டுகள் அம்மாத முடிவில் ஜாவாவுக்குப் போய்ச் சேர்ந்தன.